சுனாமிக்கு மட்டுமா மிதவை?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 8.59க்கு சுமத்ராவின் மேற்குக் கரையோரம் கடலடித் தரை முறிந்து எழுந்தது. நில அதிர்வின் அளவு 9.1. சற்று நேரத்தில் பினாங்கின் உயரமான அடுக்குமாடிகளில் லேசான ஆட்டம் தெரிந்தது. ஆட்டம் நின்றதும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நகர்ந்தது. பதினொரு மணி வாக்கில் தாய்லாந்தின் புக்கெட் கரையைக் கடல் அடித்து நொறுக்கியது. அந்த நேரத்தில் பத்து ஃபெரிங்கியிலும் தஞ்சோங் பூங்காவிலும் பாலிக் புலாவ் பக்கத்துப் பாசிர் பஞ்சாங்கிலும் விடுமுறைக் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. பினாங்குக்கு அலை வந்தது மதியம் ஒரு மணிக்கு மேல். மலேசியாவில் அன்று உயிரிழந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள்.

நில அதிர்வுக்கும் அலைக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. புக்கெட்டின் அழிவுக்கும் பினாங்கின் அழிவுக்கும் இடையே மட்டும் சுமார் இரண்டு மணி நேரம். இதை எழுதும்போதும் எரிச்சல்தான் மேலிடுகிறது. ஏனென்றால் அன்று நடந்ததில் அறிவியலுக்குத் தெரியாத சங்கதி எதுவும் இல்லை. சுனாமியின் வேகத்தை அறியப் பள்ளிக்கூடக் கணிதம் போதும். கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைத்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் வெறும் 80 கிலோமீட்டர். சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து, மலாக்கா நீரிணையின் ஆழமில்லாத வாயில் வழியாக நுழைந்ததால்தான் அலைக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர்கள் 'டூனா' என்ற கணினி மாதிரியை உருவாக்கி இந்தப் பயணத்தைப் பின்னாளில் விரிவாக ஆராய்ந்தார்கள்.

அப்படியானால் எது இல்லாமல் போயிற்று? முதலில், கடலிலிருந்து ஒரு சேதி. நில அதிர்வுமானிகள் உலகமெங்கும் இருந்தன. அதிர்வைச் சில நிமிடங்களில் பதிவும் செய்தன. ஆனால் அதிர்வுமானி நிலத்தைப் பற்றிச் சொல்லும். நீரைப் பற்றிச் சொல்லாது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இந்தியப் பெருங்கடல் ஓரம் முழுக்க மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. அங்கே பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. மேலே எழுந்து நீரைத் தூக்கவில்லை. இரண்டு பெரிய அதிர்வுகளில் எது கடலைக் கிளப்பியது, எது கிளப்பவில்லை என்று உறுதியாகச் சொல்ல நீரிலேயே ஒரு கருவி இருந்தாக வேண்டும்.

2004இல் தற்செயலாக அப்படி ஒரு கண் இருந்தது, ஆனால் வானத்தில். அதிர்வு நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்காள விரிகுடாவைக் கடந்தது. நடுக்கடலில் அலையின் எழுச்சி 60 சென்டிமீட்டர் அளவில் இருந்ததை அது பதிவு செய்தது. நாகப்பட்டினத்திலும் பண்டா அச்சேயிலும் ஊர்களைத் துடைத்தெறிந்த அலை, நடுக்கடலில் ஒரு கப்பல் மாலுமியால் உணரக்கூட முடியாத உயரம்தான் இருந்திருக்கிறது. அந்தத் தகவல் தரையிறங்கி அலசப்படுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இந்த உயர்வை நங்கூரமிட்ட மிதவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உண்மையில் மிதவை அதைக் கண்டுபிடிப்பதே இல்லை. கண்டுபிடிப்பது அதன் கீழே கடலடித் தரையில் வைத்திருக்கும் அழுத்தமானி. காற்று எழுப்பும் அலைகள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் மேல்நீரோடு சரி. அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அவற்றின் ஆட்டம் ஏறக்குறைய இல்லை. புயல் அடிக்கும்போதும் நாலாயிரம் மீட்டர் அடியில் அமைதிதான். சுனாமியின் அலைநீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அது நீரை மேலிருந்து அடிவரை ஒட்டுமொத்தமாக அசைக்கும். ஆகவே ஆழ்கடலின் தரையில் அழுத்தம் மாறினால் முக்கியக் காரணங்கள் இரண்டு: ஓதம் அல்லது சுனாமி. ஓதத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மிச்சம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் அமெரிக்க வடிவமைப்பான 'டார்ட்' கருவி தானாக விழித்துக்கொண்டு, அடிக்கடி அளவுகளை அனுப்பத் தொடங்கும். தரையிலிருந்து மிதவைக்கு ஒலி அலையில். மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்கு வானொலி அலையில். அங்கிருந்து எச்சரிக்கை மையத்துக்கு. நீருக்குள் வானொலி அலை செல்லாது, காற்றைத் தாண்டி ஒலி கேட்காது. இரண்டு உலகங்களுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் வேலைதான் மிதவைக்கு.

சுனாமிக்குப் பிறகு கருவிகள் வந்தன. மலேசிய வானிலை ஆய்வுத் துறை தேசியச் சுனாமி எச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தியது. சுமத்ராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள ரோண்டோ தீவுப் பக்கமும் சபாவுக்கு அப்பாலுள்ள லாயாங்-லாயாங் பக்கமும் மிதவைகள் இறக்கப்பட்டன. 2006 டிசம்பரில் அமெரிக்கா தாய்லாந்துக்கு அன்பளிப்பாகத் தந்த மிதவை, தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலில் நிறுத்தப்பட்டது. அதன் எண் 23401. இந்தியா 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் தன் எச்சரிக்கை மையத்தைத் திறந்தது. இன்று இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் சுனாமி அறிவிக்கை தரும் பொறுப்பு ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்றுக்கும் உரியது. பினாங்குக்கு ஓர் அபாயம் வந்தால் ஐதராபாத்திலிருந்தும் சேதி வரும்.

இத்தோடு கதை முடிந்தது, பாதுகாப்பு வந்துவிட்டது என்று பல நூல்கள் முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெருஞ்சுனாமி ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வந்தால் அதிகம். மிதவையோ உப்பிலும் வெயிலிலும் ஒவ்வொரு நாளும் தேய்கிறது. மின்கலம் தீர்கிறது, கொட்டலசு ஒட்டிப் பெருகுகிறது, கயிறு நைகிறது. ஒவ்வொன்றையும் ஆண்டுக்கொரு முறையாவது கப்பல் போய்ப் பார்க்க வேண்டும். ஆழ்கடல் கப்பலின் வாடகையை மிதவையின் விலையோடு வைத்துப் பார்த்தால் மிதவை மலிவு என்றே தோன்றும். சுனாமி நினைவு மங்கியதும் முதலில் வெட்டு விழுவது இந்தக் கப்பல் செலவில்தான். இந்தோனேசியாவில் அதுவே நடந்தது. 2018 செப்டம்பர் 28 அன்று பாலு நகரைச் சுனாமி தாக்கிய பிறகு, அந்நாட்டின் பேரிடர் மேலாண்மை அமைப்பின் பேச்சாளர் சுத்தோப்போ புர்வோ நுக்ரோஹோ ஓர் உண்மையை ஒளிக்காமல் சொன்னார்: நாட்டின் சுனாமி மிதவைகள் 2012 முதலே வேலை செய்யவில்லை. பாலுவில் அலை சில நிமிடங்களில் கரையேறிவிட்டதால் மிதவை இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது என்பது வேறு விஷயம். ஆறு ஆண்டுகள் அவை ஊமையாகக் கிடந்ததை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. அன்றாடம் யாருக்கும் அவை தேவைப்படவில்லை.

தினமும் யாருக்காவது சோறு போடும் மிதவையே பிழைத்துக் கிடக்கும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். அன்றாட வேலைகள் என்னென்ன என்று பார்க்கலாம்.

மிக எளியது அலையை அளப்பது. மிதவைக்குள் இருக்கும் முடுக்கமானி, மிதவை ஏறி இறங்கும் முடுக்கத்தைப் பதிகிறது. அதை இரண்டு முறை தொகையீடு செய்தால் உயரம் கிடைக்கும். அறிவிப்பில் வரும் 'அலை உயரம் 2 மீட்டர்' என்பது சராசரியும் அல்ல, உச்சமும் அல்ல. பதிவான அலைகளை உயர வரிசையில் அடுக்கி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். கடலில் நின்று பார்க்கும் அனுபவசாலியின் கண்மதிப்பு பெரும்பாலும் அந்த எண்ணை ஒட்டியே வரும். ஆனால் சில மணி நேரம் கடலில் இருப்பவர் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமான ஓர் அலையைச் சந்திக்க வாய்ப்புண்டு. 2 மீட்டர் என்ற அறிவிப்பைக் கேட்டுச் சிறு படகில் கிளம்பும் மீனவர், மூன்றரை மீட்டருக்கு மேலும் ஒன்று வரும் என்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை வானிலை அறிவிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

அடுத்தது வெப்பம். இங்கேதான் மிதவைக்கு நிகராக வேறொன்று இல்லை. செயற்கைக்கோள் கடலின் மேல்தோலை மட்டும் பார்க்கும். அகச்சிவப்பில் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு மேகம் வந்தால் அதுவும் தெரியாது. பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் மேல் வாரக்கணக்கில் மேகம் நிற்கும். புயலை அறிய வெப்பம் மிகத் தேவைப்படும் வேளையும் அதுதான். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் நடுவிலிருந்து மிதவைத் திட்டத்தை நடத்தி வருகிறது. அவர்களின் ஆழ்கடல் மிதவைகள் 500 மீட்டர் ஆழம்வரை வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் உணரிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேலே ஒரு மெல்லிய படலமாகப் பரந்து கிடக்கிறது. கீழே உள்ள உப்பு நீரோடு அது எளிதில் கலப்பதில்லை. அதனால் புயல் வந்து கிளறினாலும் அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் மேலே வராது. புயலுக்குத் தீனி தொடர்ந்து கிடைக்கும். மேல்தோலை மட்டும் அளப்பவருக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடாது.

புயலெல்லாம் வங்காள விரிகுடாவின் பிரச்சினை, பூமத்தியரேகையை ஒட்டிய நமக்கு இல்லை என்று மலேசியாவில் நெடுநாள் ஒரு நிம்மதி இருந்தது. 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியபோது அதை அபூர்வம் என்று ஒதுக்கினார்கள். 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவாகி சுமத்ராவைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியது. பினாங்கின் முற்றத்திலேயே புயல் பிறக்க முடியும் என்றான பிறகு, நீரிணையின் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் நீரில் நின்று அளப்பது ஆடம்பரச் செலவு ஆகாது.

வெப்பத்தை ஆழம்வரை அளக்கும் வழக்கம் ஒரு பெரிய ஏமாற்றத்திலிருந்துதான் பிறந்தது. 1982இல் பசிபிக் கடலில் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று தொடங்கியது; நிபுணர்களுக்கே அது தெரியவில்லை. அந்த ஆண்டு மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வானில் தூவிய துகள்கள் செயற்கைக்கோளின் கண்ணை மறைத்து, கடலை உண்மையைவிடக் குளிர்ச்சியாகக் காட்டின. அந்தப் பாடத்தில் எழுந்த மிதவை வரிசை 1994இல் நிறைவடைந்தது: பசிபிக்கின் நடுக்கோட்டை ஒட்டிச் சுமார் 70 மிதவைகள். 1997இன் எல் நினோவை அவை ஆரம்பத்திலிருந்தே படம்பிடித்தன. அதே ஆண்டு இந்தியப் பெருங்கடலிலும் சுமத்ரா பக்கம் நீர் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தது. கடலின் கிழக்கிலும் மேற்கிலும் வெப்பம் மாறி மாறி ஏறி இறங்கும் இந்த ஊசலாட்டத்தை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று 1999இல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் உலகுக்கு விளக்கினார்கள். அதைத் தொடர்ந்து கவனிக்க 2004 முதல் இந்தியப் பெருங்கடலிலும் 'ராமா' என்ற பெயரில் மிதவை வரிசை வளர்ந்தது.

பினாங்குக்காரருக்கு இதனால் என்ன? புகைமூட்டம். பசிபிக்கில் எல் நினோவும் இந்தியப் பெருங்கடலில் சுமத்ரா பக்கக் குளிர்ச்சியும் சேர்ந்தால் இந்தோனேசியாவில் மழை பொய்க்கும், கரிநிலம் காயும், தோட்டத்துக்காக மூட்டும் தீ அடங்காமல் வாரக்கணக்கில் எரியும். 1997இலும் 2015இலும் அதுதான் நடந்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த் மங்கிப்போகும் நாட்கள், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருப்பவர்களுக்கு மறக்காது. தீயை மிதவை அணைக்காது. ஆனால் வறட்சி வருகிறது என்று சில மாதங்களுக்கு முன்பே சொல்ல, நடுக்கடலில் யாரும் பார்க்காத ஒரு கயிற்றில் தொங்கும் வெப்பமானிகள் தேவை. 2012க்குப் பிறகு பராமரிப்புக் கப்பலுக்குப் பணம் இல்லாமல் பசிபிக் வரிசையின் தரவு 40 சதவீத அளவுக்குச் சரிந்தபோது, வானிலை மையங்கள் அலறின. அந்த அலறலால்தான் அது மீண்டது. அன்றாடப் பயனாளிகள் இருப்பதன் நன்மை இதுவே.

கரைக்கு அருகே வந்தால் வேலை இன்னும் நேரடியானது. தெலுக் பஹாங், ஜெரெஜாக் தீவு, அமான் தீவுப் பக்கங்களில் கடல் கூண்டுகளில் சியாக்காப் எனப்படும் கொடுவாவும், கெராப்பு எனப்படும் களவாயும் வளர்க்கிறார்கள். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதக்கும் செய்தி பினாங்கு நாளிதழ்களுக்குப் புதிதல்ல. காரணங்களில் முக்கியமானது நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோவது. பகலில் நுண்பாசிகள் ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் அவையே மீனோடு போட்டியிட்டு அதை உட்கொள்கின்றன. பாசி பெருகிய நாட்களில் விடியலுக்குச் சற்று முன்பு ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். திறந்த கடலில் மீன் நகர்ந்து தப்பிக்கும். கூண்டு மீனால் முடியாது. பண்ணைக்காரர் எழுந்து பார்க்கும்போது முடிந்திருக்கும். ஆக்சிஜன், வெப்பம், பச்சையம் ஆகிய மூன்றையும் அளந்து, லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கும்போது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு மிதவை ஒன்று பண்ணைக்கு நடுவே நின்றால், காற்றூட்டியை ஓட்டவோ தீனியை நிறுத்தவோ நேரம் கிடைக்கும். இதற்கு ஆழ்கடல் கப்பல் வேண்டாம். பண்ணைப் படகே போதும். என் கணிப்பில், பினாங்கில் போட்ட காசை மிக விரைவில் திருப்பித் தரக்கூடிய மிதவை இதுதான். முக்கா ஹெட் அருகே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையம் இருக்கிறது. அறிவு தேடி வெளியூர் போக வேண்டியதும் இல்லை.

துறைமுகத்துக்கும் பயன் உண்டு. எண்ணெய் கசிந்தால் படலம் நீரோட்டத்தோடும், கூடவே காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதத்தோடும் நகரும். நீரோட்டமும் காற்றும் அந்தந்த மணிக்குத் தெரிந்தால் தடுப்பு மிதவைகளை எங்கே போடுவது என்று சொல்லிவிடலாம். மண் கொட்டிக் கடலைத் தூர்க்கும் இடங்களில் நீரின் கலங்கலை அளப்பதும் இதே வகை வேலைதான்; அந்த அளவுகளை மீனவர்களும் பார்க்கும்படி வெளியிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இனி மிதவையின் எதிரியைப் பற்றி. புயலைவிடப் பெரிய எதிரி மனிதன். ஆழ்கடலில் மிதக்கும் எதன் நிழலிலும் மீன் கூடும். மலேசிய மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கட்டி 'உஞ்சாம்' போடுவது இதற்காகத்தான். இரண்டரை மீட்டர் அகல மஞ்சள் மிதவை மீனவர் கண்ணுக்கு யாரோ செலவில்லாமல் போட்டுத் தந்த உஞ்சாம். படகைக் கட்டுகிறார்கள், வலையை வீசுகிறார்கள். கயிறு அறுகிறது, உணரி உடைகிறது, சூரியத் தகடு காணாமல் போகிறது. மிதவை ஓரிடத்தில் நிலையாக நிற்பதும் இல்லை. முளையில் கட்டிய ஆட்டைப் போலக் கயிறு விடும் அளவுக்கு வட்டமடிக்கும். அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் கயிறு தாங்காது. மேல் பகுதியில் மீன் கடித்து அறுக்காமலிருக்க உறையிட்ட இரும்புவடம் போடுகிறார்கள். மனிதன் கத்திக்கு அதுவும் ஈடுகொடுக்காது. சென்னை நிறுவனத்தார் மிதவையில் கேமரா பொருத்திப் பார்த்தார்கள். கடலோரக் கிராமங்களுக்குப் போய் மீனவர்களோடு பேசியும் பார்த்தார்கள். இரண்டாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை. கடல் சட்டம் ஆய்வுக் கருவிகளைச் சுற்றி 500 மீட்டர்வரை பாதுகாப்பு வளையம் வைக்க அனுமதிக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் அந்த வளையத்தைக் காவல் காப்பவர் யார்? தன் படகுக்கு வரும் அலை அறிவிப்பு அந்த மிதவையிலிருந்து கிளம்புகிறது என்று மீனவருக்குத் தெரிந்தால் அவரே காவல்காரர்.

ஆகவே பினாங்கில் இதைச் செய்யும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுனாமிக்கென்று தனி மிதவை, தனி நிதி, தனி அலுவலகம் என்று பிரிக்காதீர்கள். மீனவருக்கு அலை, பண்ணைக்கு ஆக்சிஜன், துறைமுகத்துக்கு நீரோட்டம், வானிலைக்கு வெப்பம் என்று எல்லாரும் பங்கு போட்டுச் செலவழிக்கும் மிதவைகளாக வையுங்கள். எண்களைக் கோப்பில் பூட்டாமல் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் கைப்பேசிக்கு அனுப்புங்கள். 2004இல் இல்லாமல் போனது கருவி மட்டும் அல்ல. புக்கெட்டிலிருந்து பத்து ஃபெரிங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பும்தான்.

வாசகருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கத் தேசியத் தரவு மிதவை மையத்தின் இணையதளத்தில் 23401 என்ற எண்ணைத் தட்டிப் பாருங்கள். மிதவை வேலை செய்யும் காலங்களில், அதன் அடியில் உள்ள நீரின் உயரம் மீட்டரில் வரிசையாக வரும். வேலை செய்யாதபோது வரிசை வெறுமையாக இருக்கும், அதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பார்க்கக் கட்டணம் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை.